ஞானப்பல்: எடுப்பதா, விட்டுவைப்பதா, தலையை மட்டும் வெட்டுவதா?

இரண்டு தாடையும் ஒரே படத்தில் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது கையில் இருக்கும் சீட்டில் பலருக்கு இப்படி ஒரு வரி இருக்கும்: "48 மீசியோஆங்குலர் இம்பாக்டட்." 48 என்பது வலது கீழ்த்தாடையின் கடைசிப் பல். இடது கீழே 38, மேலே வலது 18, இடது 28. இந்த நான்கும்தான் ஞானப்பற்கள். 48 முன்பக்கம் சாய்ந்து, தனக்கு முன்னால் நிற்கும் 47-ஆம் பல்லின் முதுகில் முட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் அந்த வரி சொல்கிறது. கீழ்த்தாடையில் அதிகம் காண்பது இந்தச் சாய்வுதான்.

சீட்டைப் பார்த்ததும் ஒரு டாக்டர் "எடுத்துவிடலாம்" என்பார், இன்னொருவர் "தொந்தரவு இல்லையென்றால் விட்டுவிடுங்கள்" என்பார். இருவரில் ஒருவர் தவறு என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. வயது, பல் கிடக்கும் ஆழம், நரம்பின் தூரம் மூன்றும் ஆளுக்கு ஆள் மாறும், பதிலும் மாறும். ஆனால் பேச்சில் அடிக்கடி விட்டுப்போவது 47-ஆம் பல். ஞானப்பல் போனால் சாப்பாட்டுக்கு ஒரு குறையும் வராது. 47 போனால் மெல்லும் பலம் குறையும். அதன் இடத்தில் இம்பிளான்ட்டோ பிரிட்ஜோ வைக்கச் செலவு பல மடங்கு. எந்த வழியை எடைபோட்டாலும் அது 47-க்கு என்ன செய்யும் என்பதை முதலில் கேளுங்கள்.

கீழ் ஞானப்பல்லுக்கு உள்ள வழிகள் நான்கு: விட்டுவைத்துக் கவனிப்பது, மேலே மூடியிருக்கும் ஈறை மட்டும் வெட்டுவது, பல்லை முழுதாக எடுப்பது, தலைப்பகுதியை வெட்டி வேரை உள்ளேயே விடும் கரோனெக்டமி.

படத்தில் எதைப் பார்ப்பது

டாக்டர் திரையில் படத்தைக் காட்டும்போது நீங்களும் சில இடங்களைப் பார்க்கலாம். 47-இன் பின்சுவரில், ஞானப்பல் முட்டும் இடத்தில், கறுப்பாகக் குழி தெரிகிறதா? தெரிந்தால் சொத்தை தொடங்கிவிட்டது. பிரஷ் எட்டாத இடம் அது. வேரின் கழுத்தருகே இருப்பதால் அடைப்பதும் கடினம்.

அடுத்தது நரம்பு. கீழ்த்தாடை எலும்புக்குள் இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஒரு குழாய் ஓடும். கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் தொடு உணர்வு தரும் நரம்பு அதற்குள் போகிறது. வேர் நுனி அந்தக் குழாய் மேல் விழும் இடத்தில் வேர் கறுத்துத் தெரிவது, வெள்ளைக் கோடு அறுந்து தெரிவது, குழாய் வளைந்து விலகிப் போவது என்ற மூன்றில் ஒன்று இருந்தாலே எச்சரிக்கை. அப்போது சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, நரம்பு வேருக்கு எந்தப் பக்கம் போகிறது, இடையில் எலும்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஓபிஜியிலேயே வேரும் குழாயும் நன்றாக விலகி இருந்தால் சிபிசிடி தேவையில்லை. ஆளைப் பார்த்ததும் அதை எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேட்கலாம்.

சாய்வு படத்தில் ஏமாற்றும். முன்பக்கம் சாய்ந்து கோரமாகத் தெரியும் பல்லைவிட, பின்பக்கம் தாடை எலும்புக்குள் சாய்ந்த பல்தான் எடுப்பதற்கு மிகக் கடினம். கிட்டத்தட்ட நேராக நிற்பதுபோல் இருக்கும்; நெம்பினால் வெளியே வருவதற்குப் பதில் பின்னால் உள்ள எலும்பில் போய் முட்டும். "சாதாரணப் பல்தானே, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்று நினைத்து உட்காரும் நோயாளிக்கு நேரம் நீள்வது பெரும்பாலும் இந்த வகையில்தான்.

விட்டுவைப்பது

நோய் எதுவும் இல்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. சும்மா கிடக்கும் பல்லுக்காக ஏன் நரம்புக்கு ஆபத்தை வரவழைக்க வேண்டும் என்பது அதன் நியாயம். நியாயம் சரிதான். ஆனால் அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கேயே ஒரு மாற்றம் தெரிந்தது: ஞானப்பல் எடுக்க வருபவர்களின் வயது கூடியது, 47-இன் பின்பக்கச் சொத்தையோடு வருபவர்களும் கூடினார்கள்.

எனவே விட்டுவைப்பது யாருக்கு நன்றாகப் பொருந்தும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நேராக முளைத்து, மேல் பல்லோடு சேர்ந்து கடித்து, பிரஷ் எட்டும் பல்லை எடுக்கக் காரணமே இல்லை. எலும்புக்குள் முழுதாகப் புதைந்து, வாயோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், நாற்பதைத் தாண்டியவருக்குத் தற்செயலாகப் படத்தில் தெரிந்த பல்லையும் விடலாம். பாதி ஈறுக்கு வெளியேயும் பாதி உள்ளேயும் இருந்து, முன்பக்கம் சாய்ந்து 47-இல் முட்டும் பல்தான் விவகாரமானது. வலியே இல்லாவிட்டாலும் அதை நம்ப முடியாது. சொத்தை பல்லுக்குள் இருக்கும் நரம்பைத் தொடும்வரை வலிக்காது.

விடுவதென்று முடிவெடுத்தால் மறந்துவிடுவதென்று பொருளில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது காட்டி, ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை டாக்டர் சொல்வதைப் பொறுத்துப் படம் எடுக்க வேண்டும். புதைந்த பல்லின் தலையைச் சுற்றியுள்ள பை சிலருக்கு நீர்க்கட்டியாக வளரும். வலிக்காமலே தாடை எலும்பைக் கரைத்துக்கொண்டு போகும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு வயது. இருபது, இருபத்திரண்டில் வேர் முழுதாக வளர்ந்திருக்காது, எலும்பும் இளகலாக இருக்கும். காயம் சீக்கிரம் ஆறும். நாற்பத்தைந்தில் அதே பல்லை எடுக்கும்போது எலும்பு கெட்டி, வேர் நீளம், சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்திருக்கலாம். என்றைக்காவது எடுக்கத்தான் வேண்டியிருக்கும் என்று படம் தெளிவாகச் சொன்னால், தள்ளிப்போடுவதில் லாபமில்லை என்பதே எங்கள் கருத்து.

"ஞானப்பல் தள்ளித்தான் முன்பற்கள் கோணலாகின்றன, எடுத்தால் நேராகிவிடும்" என்ற காரணத்தை மட்டும் சொல்லி எடுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்கு ஆய்வுகளில் ஆதரவில்லை.

ஈறை மட்டும் வெட்டுவது

பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மடலாக மூடியிருக்கும். அதன் அடியில் சோற்றுப் பருக்கையும் கீரை நாரும் போய் உட்கார்ந்து அழுகும். ஈறு வீங்கும்; வீங்கிய ஈறை மேல் ஞானப்பல் கடிக்கக் கடிக்க மேலும் வீங்கும். வாய் திறக்க முடியாது, காதுவரை தெறிக்கும். இளவயதில் ஞானப்பல் வலி என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான்.

முதல் வைத்தியம் கழுவுவது. முனை மழுங்கிய ஊசி கொண்ட சிரிஞ்சில் செலைனோ குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியோ எடுத்து மடலுக்கு அடியில் பீய்ச்சி, உள்ளே இருப்பதை வெளியேற்றுவார்கள். பலருக்கு இது ஒன்றே போதும். காய்ச்சல், முக வீக்கம், வாய் திறக்க முடியாமை இருந்தால்தான் ஆன்டிபயாடிக் தேவை. மருந்துக் கடையில் மூன்று நாள் மாத்திரை வாங்கிப் போட்டு, அடங்கியதும் மறந்து, இரண்டு மாதத்தில் மறுபடி வாங்குவது நம் ஊரில் பழகிப்போன வழக்கம். அடியில் இருக்கும் அழுக்கு அப்படியே இருப்பதால்தான் அது திரும்பத் திரும்ப வருகிறது. மெட்ரோனிடசோல் எழுதியிருந்தால் அந்த நாட்களிலும், முடிந்த இரண்டு நாள் வரையிலும் மது கூடாது. கன்னத்தில் சுடு ஒத்தடம் வேண்டாம். சீழ் தோல் பக்கம் திரும்பி வெளியே உடையக்கூடும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கிவைத்தால் ஈறு வெந்து வெள்ளையாக உரியும்.

ஈறு மடலை வெட்டி எடுப்பது சின்ன வேலை. மரத்துப்போகும் ஊசி போட்டு, பிளேடாலோ லேசராலோ பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும். ஆனால் பல் நேராக நின்று, மேலே வர இடமும் இருந்தால்தான் இதனால் பயன். சாய்ந்த பல்லின் மேல் வெட்டிய ஈறு சில மாதங்களில் மறுபடி வளர்ந்து மூடும். செலவு குறைவு என்பதற்காக இதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு முறை பணம் கட்ட வேண்டியிருக்கும். மேல் ஞானப்பல் கடிப்பதுதான் முக்கியக் காரணம் என்றால், ஈறை விட்டுவிட்டு அந்த மேல் பல்லை எடுப்பது நல்ல யோசனை. மேல் பல் பெரும்பாலும் சுலபமாக வந்துவிடும்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று பயந்து பல்லை வைத்துக்கொண்டு அவதிப்படுபவர்கள் இன்றும் உண்டு. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. மேல் பல்லில் கவனிக்க வேண்டியது அதற்கு மேலே, எலும்புக்குள் காற்று நிறைந்திருக்கும் சைனஸ் அறை: வேர் அதற்குள் நீட்டிக்கொண்டிருந்தால் பல் எடுத்தபின் ஓட்டை விழுந்து, குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியே வரலாம். சின்ன ஓட்டை தானாக மூடும். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக்கூடாது. பெரிதாக இருந்தால் தைத்து மூடுவார்கள்.

முழுதாக எடுப்பது

இரண்டாவது முறை ஈறு வீங்கியவர்கள், ஒரே முறையிலேயே கடுமையாக வீங்கியவர்கள், அடைக்க முடியாத சொத்தை, 47-இல் பாதிப்பு, நீர்க்கட்டி, வேரடியில் சீழ் உள்ளவர்களுக்கு இதுதான் வழி.

நடப்பது இதுதான். வாய் கொப்பளிக்க வைத்து, 2 சதவீத லிக்னோகெய்னும் அட்ரினலினும் கலந்த ஊசியைத் தாடையின் உட்பக்கம் போடுவார்கள். ஐந்து நிமிடத்தில் கீழுதடு தடித்ததுபோல் ஆகும். உதட்டின் பாதி முழுதாக மரத்துப்போகாமல் தொடங்கினால் வலிக்கும். "இன்னும் உணர்ச்சி இருக்கிறது" என்று தயங்காமல் சொல்லுங்கள். 47-இன் கழுத்தைச் சுற்றி வெட்டி, பின்னால் போகும்போது கத்தியைக் கன்னப் பக்கம் திருப்புவார்கள். நாக்குப் பக்கம் திருப்பினால் அங்கே ஈறுக்கு அடியிலேயே நாக்கின் உணர்வு நரம்பு இருக்கிறது. ஈறை விலக்கி, பல்லைச் சுற்றி எலும்பில் சிறு அகழி தோண்டி, பல்லை இரண்டாகவோ மூன்றாகவோ வெட்டித் துண்டு துண்டாக எடுப்பார்கள். பல்லை வெட்டுவது உடைந்துபோனதால் அல்ல, எலும்பை மிச்சம் பிடிக்கத்தான். துளையிடும்போது செலைன் விடாமல் ஊற்றுவதற்கும் காரணம் உண்டு: எலும்பு 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே அந்த இடம் செத்துப்போகத் தொடங்கும். பிறகு குழியைக் கழுவி இரண்டு மூன்று தையல். கறுப்புப் பட்டு நூல் என்றால் ஏழாம் நாள் பிரிக்க வர வேண்டும். கரையும் நூல் என்றால் தானே உதிரும்.

சொத்தை அடைக்கப் பயன்படும் சாதாரண ஏரோட்டரால் எலும்பை வெட்டுவது சரியில்லை. அதன் காற்று தோலுக்கு அடியில் புகுந்து முகம் சட்டென்று ஊதும். அழுத்தினால் நறநறவென்று கேட்கும். இதற்கென்று உள்ள மோட்டார் இருக்கிறதா என்று முன்பே கேட்பதில் தவறில்லை.

எடுத்த பின்பு வரக்கூடியவற்றில் வலியும் வீக்கமும் எல்லோருக்கும் உண்டு. வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்தில் வடியும். கீழுதடு சில நாளோ சில மாதமோ மரத்துப்போவது நூற்றில் சிலருக்கு. நிரந்தரமாக மரத்துப்போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. படத்தில் எச்சரிக்கைக் குறி உள்ளவர்களுக்கு இது கூடும். உதடு கோணிப்போகாது, அசைவும் குறையாது; தொடு உணர்வு மட்டும்தான் போகும். ஆனால் காபி வழிவது தெரியாமல் இருப்பதும் ஷேவிங்கில் வெட்டிக்கொள்வதும் தினமும் உறுத்தும் விஷயங்கள்.

வேர் நுனி ஒன்று உடைந்து உள்ளே நின்றுபோவதும் உண்டு. சில மில்லிமீட்டர் நீளமே, சீழ் இல்லை, நரம்புக்கு அருகே என்றால் அதைத் தோண்டாமல் விடுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் நோயாளிக்குச் சொல்லிக் குறிப்பிலும் எழுத வேண்டும்.

கரோனெக்டமி

வேர் நரம்பைக் கட்டிக்கொண்டிருக்கிறது, பல்லையோ எடுத்தாக வேண்டும் என்ற இக்கட்டுக்கு உண்டான வழி இது. பல்லின் தலையை முழுதாக வெட்டி எடுத்து, வேரின் மேல்முனை எலும்பு விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே இருக்கும்படி தேய்த்து, மேலே ஈறை மூடித் தைத்துவிடுவார்கள். ரூட் கெனால் செய்வதில்லை. உயிருள்ள வேர் அப்படியே எலும்புக்குள் அடங்கிவிடும். எனாமல் துளியும் மிச்சம் இருக்கக்கூடாது, இருந்தால் எலும்பு மேலே மூடாது.

நரம்புக் காயம் இதில் வெகுவாகக் குறைகிறது. பதிலுக்கு நீங்கள் ஏற்பவை: முதல் ஓரிரு ஆண்டில் வேர் சில மில்லிமீட்டர் மேலே நகரும், நூற்றில் சிலருக்கு ஈறைக் கிழித்துத் தலைகாட்டி இரண்டாவது அறுவை தேவைப்படும். அதற்குள் வேர் நரம்பைவிட்டு விலகியிருப்பதால் இரண்டாவது முறை எடுப்பது அபாயம் குறைந்தது. படமும் அவ்வப்போது எடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் இது ஆகாது. சொத்தை நரம்பறையை எட்டிய பல், வேரடியில் சீழ் உள்ள பல், ஆடும் பல், நரம்பின் மேலேயே நீளவாட்டில் படுத்திருக்கும் பல், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், தாடைக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுக்கப்போகிறவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். வெட்டும்போதே வேர் ஆடிவிட்டால் முழுதாக எடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் ஒப்புதல் கையெழுத்து கேட்பார்கள். பலரும் இந்த அறுவையைச் செய்வதில்லை. தாடை, முக அறுவையில் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு முடித்தவரிடமோ பல் மருத்துவக் கல்லூரியிலோ கேட்க வேண்டும். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் அந்தத் துறை தனியாகவே இருக்கிறது.

ஊசியா, முழு மயக்கமா

பெரும்பாலான ஞானப்பற்களுக்கு மரத்துப்போகும் ஊசியே போதும். ஒரு பக்கத்தின் மேல், கீழ் இரண்டையும் ஒரே நாளில் எடுத்தால் மறுபக்கத்தில் சாப்பிடலாம். நான்கும் ஆழத்தில் புதைந்திருந்தாலோ, அளவுகடந்த பயம் இருந்தாலோ முழு மயக்கம்; அதற்கு ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, மயக்க மருந்து நிபுணர், ஒருநாள் படுக்கை எல்லாம் சேர்ந்து செலவு ஏறும். நரம்புக்கான ஆபத்து இதனால் குறைவதில்லை.

உடல்நிலை முடிவை மாற்றும் இடங்கள்

ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் பல் எடுப்பதற்காகத் தாங்களாகவே நிறுத்திவிடுவதுதான் மிக ஆபத்து. ஆஸ்பிரினை நிறுத்தாமலே எடுப்பார்கள். வார்ஃபரின், அசெனோகூமரால் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைப் பார்த்துவிட்டு முடிவு. டிரானெக்சாமிக் அமிலம் நனைத்த காஸ், கூடுதல் தையல் கொண்டு ரத்தத்தை நிறுத்திவிடலாம். இதயக் குழாயில் வைத்த ஸ்டென்ட்டில் உறையும் ரத்தத்தை அப்படி நிறுத்த முடியாது.

எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ சொலெட்ரானிக் ஆசிட், அலென்ட்ரோனேட், டெனோசுமாப் எடுத்தவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். பல் எடுத்த இடத்தில் எலும்பு ஆறாமல் செத்துப்போகும் நிலை இவர்களுக்கு வரலாம். ஆண்டுக்கு ஒரே ஒரு ஊசி என்பதால் "மருந்து ஏதும் சாப்பிடவில்லை" என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால், சீழ் வடிய வேண்டிய அவசரம் தவிர மற்றதைத் தள்ளிப்போடலாம். கர்ப்பிணிகளுக்குத் தவிர்க்க முடியாதென்றால் நடு மூன்று மாதம் வசதியானது.

குட்கா, பான் மசாலா, பாக்கு போடும் பழக்கம் உள்ளவருக்கு வாய் திறக்கவில்லை என்றால் ஞானப்பல்லைக் குற்றம் சொல்லிவிட்டு நிற்கக்கூடாது. மூன்று விரல் நுழையாத வாய், வெளிறிக் கயிறு கயிறாகத் தட்டுப்படும் கன்னம், காரம் பட்டாலே எரிச்சல் இருந்தால் அது வாயின் உட்தோல் இறுகிப்போகும் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ். புற்றுநோயாக மாறக்கூடிய நிலை என்பதால் அதற்குத்தான் முதல் கவனம்.

எடுத்த பிறகு

காஸை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் விடாமல் கடித்திருக்க வேண்டும். எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைவது கலையும். முதல் நாள் துப்பக்கூடாது, கொப்பளிக்கக்கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக்கூடாது. கன்னத்தில் ஐஸ் பத்து நிமிடம், இடைவெளி பத்து நிமிடம். ஆறிய ரசம் சாதம், தயிர் சாதம், கஞ்சி, ஐஸ்கிரீம் ஆகும். மரத்துப்போனது தெளியும்வரை எதையும் மெல்ல வேண்டாம், நாக்கையும் உதட்டையும் கடித்துக்கொள்வீர்கள். இருபத்துநான்கு மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். வலிக்கு இபுபுரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்து நன்றாகக் கேட்கும். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இபுபுரோஃபென் கூடாது.

இரண்டு நாள் குறைந்துகொண்டே வந்த வலி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ திடீரென ஏறி, காதுக்குத் தெறித்து, வாயில் நாற்றமும் அடித்தால் அது ட்ரை சாக்கெட். ரத்தக் கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரிகிறது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் அதிகம் வரும். ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிச் சாப்பிடுவதால் தீராது. டாக்டர் குழியைக் கழுவி, கிராம்புச் சத்தான யூஜெனால் சேர்ந்த மருந்துத் துண்டை வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கும்.

மறுநாள் காலையிலும் கீழுதடோ நாக்கோ மரத்தே இருந்தால் தையல் பிரிக்கும் நாள்வரை காத்திருக்காமல் அன்றே போன் செய்து சொல்லுங்கள். நரம்பு நசுங்கியிருந்தால் சீக்கிரம் கவனிப்பதில்தான் வாய்ப்பு அதிகம். முகவாய்க்கு அடியில் கழுத்து கெட்டியாக வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல், நாக்கு மேலே தூக்கிக்கொண்டு, குரல் மாறினால் பல் கிளினிக்குக்குப் போக வேண்டாம். மூச்சுக்குழாய் அடைபடப் போகிறது என்பதற்கு அறிகுறி அது; 108-ஐ அழைத்து, எந்த நேரமானாலும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.